செருப்புப் பணத்தில் வந்த கல்வி

முத்துக்குளித்துறைப் பரதவர்கள் போர்ச்சுகல் அரசிக்கு ஆண்டுதோறும் ஒரு வரி கட்டிவந்தார்கள். அரசியின் காலணிச் செலவுக்கென்று விதிக்கப்பட்ட வரி அது. 1542 அக்டோபரில் இந்தக் கரைக்கு வந்த புனித பிரான்சிஸ் சவேரியார், அந்த 4,000 பணத்தை, மறைக்கல்வி கற்பிக்கும் கணக்கப்பிள்ளைகளின் சம்பளத்துக்கு விட்டுத்தருமாறு அரசி கத்தரீனாவிடம் வேண்டினார். விண்ணகம் ஏறுவதற்கு இந்தக் கரையின் பிள்ளைகளைவிட நல்ல காலணி அரசிக்கு வாய்க்காது என்பது அவர் வாதம். அரசியும் இசைந்தார். கடலடியில் மூச்சடக்கி ஈட்டிய காசில் ஒரு பங்கு, இப்படித்தான் கரையிலிருந்த பிள்ளைகளின் மறைக்கல்விக்குத் திரும்பி வந்தது.

சவேரியார் கையில் மணியோடு தெருத்தெருவாகப் போய்ச் சிறுவர்களைக் கூட்டினார். நம்பிக்கை அறிக்கை, ஆண்டவர் கற்பித்த செபம், பத்துக் கட்டளைகள் எல்லாம் வாய்ப்பாடம். காலையில் கற்றதைப் பிள்ளைகள் வீட்டில் அப்பா அம்மாவுக்கும் அக்கம்பக்கத்தாருக்கும் சொல்லித்தர வேண்டும். தமிழில் புதிய ஏற்பாடு தரங்கம்பாடியில் அச்சாகி முடிந்ததே 1715இல்தான். பழைய ஏற்பாடு அதற்கும் பின்னால். ஆகவே மோசே இந்தக் கரைக்குக் கதையாக வரவில்லை, சட்டமாகவே வந்தார்.

இதில் ஓர் இழப்பு உண்டு. விடுதலைப் பயண நூலில் கடவுள் எடுத்த எடுப்பில் கட்டளையிடுவதில்லை. எகிப்தின் அடிமை வாழ்விலிருந்து உங்களை வெளியே கொண்டுவந்தவர் நானே என்று முதலில் தம்மை அறிமுகம் செய்துகொள்கிறார். மனப்பாடத்துக்காகச் சுருக்கும்போது விடுபடுவது பெரும்பாலும் அந்த வாக்கியம்தான். ஓய்வு என்றால் என்னவென்றே அறியாமல் பார்வோனுக்குச் செங்கல் அறுத்தவர்களிடம்தான் ஏழாம் நாள் ஓய்ந்திருங்கள் என்று சொல்லப்பட்டது. இணைச்சட்ட நூல் அந்த ஓய்வை வேலைக்காரருக்கும் மாட்டுக்கும்கூட உரியதாக்குகிறது. ஞாயிறன்று வள்ளம் இறக்காத ஊரில் வளரும் பிள்ளைக்கு இதைச் சொல்லிவிட்டு மூன்றாம் கட்டளையை ஒப்பிக்கச் சொல்லுங்கள். ஒப்பிக்கும் குரலே வேறாக இருக்கும்.

கட்டளைகளை அச்சில் தந்தவரின் கதையும் நம் வகுப்புகளில் சொல்லப்படாத ஒன்று. அண்டிரிக் அடிகளார் 1520இல் போர்ச்சுகலின் விலா விசோசாவில் பிறந்தவர், யூத வம்சாவளியினர். அந்தப் பிறப்பைக் காரணம் காட்டி பிரான்சிஸ்கன் சபை அவரை வெளியே அனுப்பியது. இயேசு சபை ஏற்றுக்கொண்டது. 1547 முதல் இங்கே தங்கித் தமிழ் கற்றார். சவேரியார் காலத்துச் செபங்களில் இருந்த மொழிபெயர்ப்புப் பிழைகளைத் திருத்தினார். 1578இல் கொல்லத்தில் 16 பக்கத் ‘தம்பிரான் வணக்கம்’, 1579இல் கொச்சியில் ‘கிரிசித்தியானி வணக்கம்’. பின்னது, போர்த்துக்கீசியச் சிறுவர்களுக்காக மார்க்கோஸ் ஜோர்ஜ் எழுதிய வினாவிடை நூலின் தமிழாக்கம். சீனாய் மலைச் சட்டத்தைப் பரதவப் பிள்ளைகளின் கையில் கொடுத்தவர், இஸ்ரயேலின் வழிவந்தவர் என்பதற்காகவே ஒருகாலத்தில் கதவடைக்கப்பட்டவர். 1600இல் புன்னைக்காயலில் காலமானார்.

சவேரியாரின் 1544ஆம் ஆண்டுக் கடிதம் ஒன்றில் எனக்கு நெருடலான ஒரு பகுதி உண்டு. எங்காவது சிலை வழிபாடு நடந்தால் பிள்ளைகள் ஓடிவந்து தம்மிடம் சொல்வதையும், பிறகு அந்தச் சிலைகளை உடைப்பதையும் அவர் மகிழ்ச்சியோடு எழுதுகிறார். அந்த மகிழ்ச்சியில் என்னால் பங்குகொள்ள முடியவில்லை. நீதித் தலைவர்கள் நூலின் கிதியோனும் தன் தந்தையின் பாகால் பலிபீடத்தை இடித்தவன்தான். பகலில் செய்ய அஞ்சி இரவில் இடித்தான். விடிந்ததும் ஊரார் அவனைக் கொல்லத் திரண்டார்கள். பீடத்துக்கு உரியவரான தந்தை யோவாசு குறுக்கே நின்றார்: பாகால் கடவுளானால் தன் வழக்கைத் தானே பார்த்துக்கொள்ளட்டும், அவனுக்காக நீங்கள் ஏன் வாதாட வேண்டும்? கடவுளைக் காப்பாற்றப் புறப்படும் எந்தக் கூட்டத்துக்கும், எந்த மதத்துக் கூட்டத்துக்கும், இதைவிடக் கூரான பதில் இல்லை.

கோவில்பட்டிப் பக்கத்துக் காமநாயக்கன்பட்டியில் பணியாற்றிய வீரமாமுனிவர், கிதியோனின் வெற்றியைத் ‘தேம்பாவணி’யில் பாடியிருக்கிறார். 300 வீரர், பானைக்குள் தீப்பந்தம், நள்ளிரவு எக்காளம் என்று சிறுவர்களைக் கட்டிப்போடும் கதை அது. மறைக்கல்வி ஆண்டு விழாவில் மேடையேற்றவும் தோதானது. மேடையேற்றும்போது யோவாசுக்கும் ஒரு காட்சி வையுங்கள். அந்த வேடத்தை, நடிக்கிற பிள்ளைகளில் ஒருவரின் அப்பாவிடமே கொடுத்துவிடலாம்.