மணலில் எழுதிய பாடம், கடனில் போன வாத்தியார்

ஓட்ஸ் பாக்கெட் மேலே தொப்பி போட்டுச் சிரிக்கிற ஒருத்தரைப் பார்த்திருப்பீங்க. குவேக்கர் ஓட்ஸ். அந்த கம்பெனியை ஆரம்பிச்சவங்க குவேக்கர்கள் கிடையாது! 1877-ல் அந்தப் பெயரை டிரேட்மார்க்காகப் பதிவு செய்தார்கள், அவ்வளவுதான். குவேக்கர் கடையில் எடை குறையாது, கலப்படம் இருக்காது என்று ஜனங்கள் நம்பினார்கள். அந்த நம்பிக்கையைக் காப்பாற்றிய ஒரு விதி, ஒரு நல்ல வாத்தியாரை வெளியே தள்ளியது. இன்றைக்கு அந்தக் கதை.

முதலில், யார் இந்தக் குவேக்கர்கள்? 17-ஆம் நூற்றாண்டின் நடுவில் இங்கிலாந்தில் ஜார்ஜ் ஃபாக்ஸ் என்பவரைச் சுற்றி உருவான ஒரு கிறிஸ்தவக் கூட்டம். இவர்களுக்குப் பாதிரியார் கிடையாது. ஆயுதம் எடுக்க மாட்டார்கள். பெரிய மனிதர்களைப் பார்த்தால் தொப்பியைக் கழற்ற மாட்டார்கள். சத்தியப் பிரமாணமும் செய்ய மாட்டார்கள், ஏன்னா எப்பவுமே உண்மை பேசுறவனுக்குத் தனியா சத்தியம் எதுக்கு? இதற்காக ஆயிரக்கணக்கானோர் ஜெயிலுக்குப் போனார்கள். பிரமாணம் செய்யாததால் அரசாங்க வேலை இல்லை. ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் பட்டமும் இல்லை. அந்தத் தடை முழுசா நீங்க 1871 வரைக்கும் ஆச்சு. மிச்சம் இருந்த வழி, வியாபாரம்.

அதையும் அவர்கள் வேற மாதிரி செய்தார்கள். பேரம் கிடையாது, ஒரே விலை. பத்து ரூபாய் சொல்லிட்டு ஏழுக்குக் கொடுத்தால், முதலில் சொன்னது பொய்தானே? இதைவிடக் கறாரான விஷயம் கடன். யார் எவ்வளவு கடன் வாங்கியிருக்கிறார், திருப்பிக் கட்ட முடியுமா என்று சபையே விசாரிக்கும். திவால் ஆனால் சபையிலிருந்து நீக்கிவிடுவார்கள். சிபில் ஸ்கோர் இல்லாத காலத்தில் சபைதான் சிபில். இதை வெறும் பக்தி என்று நான் பார்க்கவில்லை. முன்பின் தெரியாத ஊரிலும் ஒரு குவேக்கரை நம்பிச் சரக்கு அனுப்பலாம் என்ற நிலையை உண்டாக்கிய ஏற்பாடு அது. பார்க்ளேஸ், லாய்ட்ஸ் வங்கிகளும் கேட்பரி சாக்லேட்டும் குவேக்கர் குடும்பங்களிலிருந்து வந்தவை.

இப்போ நம்ம வாத்தியார். ஜோசப் லங்காஸ்டர், லண்டன் சவுத்வார்க் பையன், குவேக்கர். 1798-ல், ஏறக்குறைய 20 வயதில், ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கினார். பணம் இருந்தால் கொடுங்க, இல்லாட்டி சும்மாவே படிங்க. பிள்ளைகள் குவிந்தார்கள். ஆசிரியர்களுக்குச் சம்பளம் கொடுக்க வழியில்லை. அதனால் நன்றாகப் படிக்கிற பையன்களே மற்றவர்களுக்குப் பாடம் சொன்னார்கள். புத்தகத்துக்குப் பதில் சுவரில் தொங்கும் பாட அட்டை, காகிதத்துக்குப் பதில் சிலேட்டும் மணலும். ஒரே வாத்தியார் நூற்றுக்கணக்கான பிள்ளைகளைச் சமாளித்தார்.

மணலா, பையனே வாத்தியாரா, எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கே? இருக்கும். இதே முறையை அவருக்கு முன்னாலேயே எழுதியவர் ஆண்ட்ரூ பெல், நம்ம எழும்பூரில் சிப்பாய்களின் பிள்ளைகளுக்கான ஆதரவற்றோர் இல்லத்தை நடத்திய பாதிரியார். பக்கத்தில் ஒரு 'மலபார்' பள்ளியில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதுவதைப் பார்த்தார். மெட்ராஸ் வெள்ளைக்காரர்கள் தமிழர்களை அப்படித்தான் அழைத்தார்கள். இல்லத்து ஆசிரியர்கள் அதைச் செய்ய மறுத்ததும் 8 வயதுப் பையனிடம் வகுப்பை ஒப்படைத்தார். திண்ணைப் பள்ளிக்கூடத்துச் சட்டாம்பிள்ளையை அறிந்தவர்களுக்கு இதில் புதுசா ஒண்ணும் இல்லை. 1797-ல் பெல் இதைப் புத்தகமாக வெளியிட்டார். லங்காஸ்டரும் தன் புத்தகத்தில் அவருக்கு நன்றி சொன்னார்.

ஆனால் சண்டை வந்தது. லங்காஸ்டர் பள்ளியில் பைபிள் உண்டு, இங்கிலாந்துத் திருச்சபையின் வினா-விடைப் பாடம் கிடையாது. அதனால் எந்தச் சபைப் பிள்ளையும் வரலாம். இதுதான் திருச்சபைக்கு உறுத்தியது. 1811-ல் அவர்கள் பெல்லை முன்னிறுத்திப் போட்டியாக ஒரு சங்கம் தொடங்கினார்கள்.

லங்காஸ்டருக்குப் பிள்ளைகளைச் சமாளிக்கத் தெரியும், பணத்தைச் சமாளிக்கத் தெரியாது. பிரம்படி வேண்டாம் என்றவர்தான், ஆனால் கழுத்தில் மரக்கட்டை கட்டுவார், கூடையில் உட்கார வைத்துக் கூரையில் தொங்கவிடுவார். அவமானம் அடியைவிட மேல் என்று நினைத்திருக்கார், எனக்கு அது புரியலை. ஊர் ஊராகப் போய்ச் சொற்பொழிவு, சொந்த அச்சகம் என்று செலவு ஏறிக்கொண்டே போனது. 1808-ல் பல ஆயிரம் பவுண்டு கடன். அப்போது கை கொடுத்தவர்களில் முக்கியமானவர் வில்லியம் ஆலன். லொம்பார்ட் தெரு பக்கத்தில் மருந்துக்கடை நடத்திய குவேக்கர். கணக்கைக் கையில் எடுத்தார், நன்கொடை திரட்டினார், ஒரு குழு அமைத்தார்.

லங்காஸ்டருக்குக் குழு பிடிக்கவில்லை. தன் பள்ளிக்கு அடுத்தவன் கணக்கு கேட்பதா? தனியாகப் போய் டூட்டிங்கில் ஓர் உண்டுறைப் பள்ளி தொடங்கினார், அதுவும் மூழ்கியது. திவால். 1814-ல் சங்கத்தோடு உறவு முறிந்தது. சங்கம் அவர் பெயரையும் எடுத்துவிட்டு 'பிரிட்டிஷ் அண்ட் ஃபாரின் ஸ்கூல் சொசைட்டி' ஆனது. குவேக்கர் சபையும் அவரை நீக்கியது.

கொடுமைதான். ஆனா ஒண்ணு யோசிங்க. அந்த விதி அவ்வளவு கறாராக இல்லாவிட்டால் ஆலன் மாதிரி வியாபாரிகள் கேட்டு ஊர் பணம் கொடுத்திருக்குமா? பள்ளியைக் காப்பாற்றியதும் பள்ளி கட்டியவரைத் தள்ளியதும் ஒரே பழக்கம்.

1818-ல் அவர் அமெரிக்கா போனார். பிறகு சிமோன் பொலிவாரின் ஆதரவில் கராகஸில் பள்ளி நடத்தினார், அங்கேயும் பணத் தகராறு. 1833-ல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் முதல்முறையாகப் பள்ளிக்கூடங்கள் கட்ட 20,000 பவுண்டு ஒதுக்கியது. அது ரெண்டு சங்கங்கள் வழியாகப் போனது. ஒன்று பெல்லின் திருச்சபைச் சங்கம், இன்னொன்று லங்காஸ்டரை வெளியே அனுப்பிய சங்கம். ஐந்து வருஷம் கழித்து, நியூயார்க் தெருவில் குதிரை வண்டி மோதி லங்காஸ்டர் இறந்துபோனார்.