கொல்லிமலையில் ஒரு தகரக் கூரை

கொல்லிமலை என்றால் சிலருக்குக் கொல்லிப்பாவை நினைவுக்கு வரும். சிலருக்கு வல்வில் ஓரி. பாட வந்தவர்களுக்கு யானையையே பரிசாகக் கொடுத்தவன் ஓரி. பாட்டைக் கேட்டானே ஒழியப் பட்டாவைக் கேட்டதாகச் செய்தி இல்லை. வள்ளலுக்கு மனம் குளிர்ந்தால் போதும். சர்க்காருக்கு விதி வேண்டும். முகம் பார்த்துக் கொடுப்பதைவிட விதி பார்த்துக் கொடுப்பது எவ்வளவோ மேல் என்று நம்புகிறவன் நான். அந்த நம்பிக்கையையும் ஓர் எலுமிச்சம்பழத்தையும் கையில் வைத்துக்கொண்டு, எழுபது கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து சோளக்காட்டில் பஸ்ஸை விட்டு இறங்கினேன். எலுமிச்சம்பழம் வழியிலேயே தீர்ந்துவிட்டது.

வளப்பூர் நாட்டுப் பக்கம் நடக்கும்போது மழை பிடித்துக்கொண்டது. ஒரு வீட்டுத் திண்ணையில் ஒதுங்கினேன். மண் சுவர், மேலே துருப்பிடித்த தகரம், காற்றுக்குப் பறக்காமல் இருக்க அதன்மேல் கற்கள். உள்ளேயிருந்து ஒரு கிழவி எட்டிப் பார்த்து, "உள்ளார வாங்க சாமி, நனையாதீங்க" என்றாள்.

மழைச் சத்தத்தில் பேச்சே காதில் விழவில்லை. "தகரம் நன்றாக முழங்குகிறதே பாட்டி!" என்று கத்தினேன்.

"இந்தத் தகரத்தாலதான் சாமி எனக்கு வீடு போச்சு" என்றாள்.

அவள் கதை விளங்க வேண்டுமானால் கொஞ்சம் சரித்திரம் பார்க்க வேண்டும். ஏழைகளுக்குச் சர்க்கார் வீடு கட்டிக் கொடுக்க 1985-ல் இந்திரா ஆவாஸ் திட்டம் வந்தது. 2010-ல் மாநில சர்க்கார் குடிசைகளைக் கணக்கெடுத்து, எல்லாவற்றையும் காரை வீடாக்குவது என்று புறப்பட்டது. அடுத்த வருஷமே ஆட்சி மாறியது, திட்டமும் மாறியது. புதிதாக வந்தது பசுமை வீடு: 300 சதுர அடி, 1,80,000 ரூபாய், சூரிய ஒளியில் எரியும் விளக்கு. நல்ல திட்டந்தான். ஆனால் வீட்டில் ஒருவர் பெயரிலாவது மனைக்குப் பட்டா இருக்க வேண்டும். கிழவியின் நிலம் மாமனார் பெயரில் இருந்தது. மாமனார் போய் இருபது வருஷம் ஆகியிருந்தது. பாகம் பிரித்து எழுதிக்கொள்ள யாருக்கும் தோன்றவில்லை. மலையில் எந்த ஓடைவரை யாருடையது என்பது எல்லாருக்கும் தெரியும். தெரிந்த விஷயத்தை எதற்காக எழுதுவது?

பிறகு 2016-ல் பிரதம மந்திரியின் கிராம வீட்டுத் திட்டம் வந்தது. இதற்கு யாரும் மனுப் போட வேண்டியதில்லை. 2011-ஆம் ஆண்டின் சமூகப் பொருளாதாரக் கணக்கெடுப்பிலிருந்தே பெயர்களை எடுத்தார்கள். வீடற்றவர்களும், மட்டமான சுவரும் கூரையும் கொண்ட இரண்டு அறைக்கு மேற்படாத வீட்டில் இருப்பவர்களும் பட்டியலில் வருவார்கள். கூரையோ சுவரோ ஏதாவது ஒன்று கெட்டியாக இருந்தால் பெயர் விழுந்துவிடும். எது கெட்டி? காரை கெட்டி, கல் கெட்டி, தகரமும் கெட்டி! புல் வேய்ந்தால் ஏழை, தகரம் போட்டால் ஏழை இல்லை.

கிழவி கணக்கெடுப்புக்கு முந்தின ஐப்பசியில், ஒழுகல் தாங்காமல் மிளகு விற்ற பணத்தில் தகரம் வாங்கிப் போட்டிருந்தாள். பக்கத்து வீட்டுக்காரர் சோம்பேறி என்று அவளே சொன்னாள். அவர் வீட்டில் புல் அப்படியே கிடந்தது. அவருக்கு வீடு வந்துவிட்டது.

இந்தச் சல்லடைக்குத் தப்பினாலும் அடுத்த சல்லடை இருந்தது. மோட்டார் சைக்கிள், குளிர்சாதனப் பெட்டி, கம்பித் தொலைபேசி, மாதம் பத்தாயிரத்துக்கு மேல் சம்பாதிக்கும் ஆள் என்று பதின்மூன்று விலக்குகள். ஒன்று இருந்தாலும் கிடையாது. சமவெளியில் மோட்டார் சைக்கிள் ஒரு சௌகரியம். இங்கே பலாப்பழமும் அன்னாசியும் சந்தைக்குப் போவது அதில்தான். பிரசவ வேதனையில் துடிக்கும் பெண் ஆஸ்பத்திரிக்குப் போவதும் சில சமயம் அதில்தான். விதி எழுதியவர் கெட்டவர் அல்லர். அவர் மனத்தில் இருந்த ஏழை மலையில் பிறந்தவன் அல்லன், அவ்வளவுதான்.

நம் ஊரில் மட்டும் நடப்பது என்று நினைத்துவிடாதீர்கள். லண்டனில் 'ஓல்டு நிக்கல்' என்ற சேரியை இடித்துவிட்டு நகர சபை கட்டிய அழகான குடியிருப்பு 1900-ல் திறக்கப்பட்டது. சேரியிலிருந்து வெளியேற்றப்பட்டவர்கள் 5,719 பேர். புது வீடுகளில் குடியேறிய பழைய ஆட்கள் வெறும் 11 பேர்! வாடகை கட்டக்கூடிய, நிரந்தர வேலை உள்ள, ஒழுங்கான குடும்பங்களுக்குத்தான் அங்கே இடம். சேரி ஜனங்கள் பக்கத்துச் சேரிக்குப் போனார்கள்.

2024-ல் விதிகள் தளர்ந்தன. இரு சக்கர வண்டியும் குளிர்சாதனப் பெட்டியும் தொலைபேசியும் இனிக் குற்றமில்லை. வருமான வரம்பு பதினைந்தாயிரமாயிற்று. விலக்குகள் பத்தாகக் குறைந்தன. எட்டு வருஷம் கழித்தாவது யாரோ யோசித்திருக்கிறார்களே என்று சந்தோஷப்பட்டேன். கிழவிக்கும் சொன்னேன்.

"என்கிட்ட வண்டி இல்லையே சாமி" என்றாள்.

மழை சற்று ஓய்ந்தது. நான் கிளம்பும்போது அவள் கூரையை அண்ணாந்து பார்த்தாள்.

"இதைக் கழட்டிப் போட்டுட்டுப் புல்லு மேஞ்சா, மறுபடி எழுதிக்குவாங்களா?"

"மழைக்காலம் முடியட்டும் பாட்டி" என்றேன்.