குளத்து நீரும் ஊர்க்கட்டும்

காடு வெட்டிக் கழனியாக்குதல் அரிய தொழில். அதனினும் அரியது, அக்கழனிக்கு வரும் நீரை யார் எப்பொழுது எவ்வளவு கொள்வது என வகுத்தலாகும். அணையை அரசு கட்டிக் கொடுக்கலாம்; நீர்ப்பங்கீடோ உழவர் மனம் ஒப்பினாலன்றி நிலைபெறாது. இலங்கை வரலாறே இதற்குச் சான்றாகும்.

முற்காலத்தில் குளக்கட்டைத் திருத்துதலும் வாய்க்காலைத் துப்புரவு செய்தலும் ஊரார் கடமைகளாக இருந்தன. 1832ஆம் ஆண்டில், கோல்புறூக் ஆணைக்குழுவின் விதப்புரைப்படி, இராசகாரியம் என்னும் கட்டாய ஊழியம் நீக்கப்பட்டது. ஒரு கொடுமை ஒழிந்தது நன்மையே. ஆயினும், அதனோடு குளங்களைப் பேணிய கூட்டு முயற்சியும் தளர்ந்தது. கட்டு உடைந்தால் அடைப்பாரில்லை. மேல்வயற்காரன் வாய்க்காலை மறித்தால் தட்டிக் கேட்பாருமில்லை.

1855இல் தேசாதிபதியாக வந்த சேர் ஹென்றி வோட் இக்குறையை உணர்ந்தார். 1856ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் பிறந்தது. புதிய விதிகளை மேலிருந்து சுமத்துவது அதன் நோக்கமன்று. நெற்காணி உடையோர் கூடி, பெரும்பான்மையோர் ஏற்ற பழைய வழக்கங்களுக்கே சட்டவலிமை அளிப்பதாகும். அவர் காலத்திலேயே கிழக்கில் இறக்காமம், அம்பாறைக் குளங்கள் திருத்தப்பட்டன. நீரைப் பங்கிடும் பொறுப்பு மட்டக்களப்புப் பகுதியில் வட்டை விதானையிடம் இருந்தது. 1958ஆம் ஆண்டின் நெற்காணிச் சட்டம் அப்பதவியை நீக்கி, பயிர்ச்செய்கைக் குழுக்களை அமைத்தது.

இதற்கிடையில், 1949இல் கல்லோயா அபிவிருத்திச் சபை நிறுவப்பட்டது. இங்கினியாகலையில் எழுந்த அணையால் சேனாநாயக்க சமுத்திரம் உருவாயிற்று. காடழித்துத் திருத்திய நிலங்களிற் பல மாவட்டங்களினின்றும் வந்தோர் குடியேறினர். நிலம் புதிது, அயலவரும் புதியவர். குளத்தோடு வளர்ந்த ஊர்க்கட்டு அங்கே இல்லை. வாய்க்கால்கள் பழுதுற்றன. தலைமடையில் நீர் வீணாக, கடைமடையில் வயல் வெடித்தது.

1981ஆம் ஆண்டுச் சிறுபோகம் தொடங்கியபோது, நீர்த்தேக்கத்தில் ஏறக்குறையக் காற்பங்கு நீரே இருந்தது. அவ்வேளையில் கமத்தொழில் ஆராய்ச்சி, பயிற்சி நிறுவனமும் அமெரிக்காவின் கோர்ணெல் பல்கலைக்கழகமும் இடதுகரைப் பகுதிக்கு இளம் அமைப்பாளர்களை அனுப்பின. அவர்கள் கட்டளையிடவில்லை, வீடுவீடாகச் சென்று உழவரின் குறைகளைக் கேட்டனர். ஒரே வாய்க்காலின் உழவர் சிறு குழுக்களாகக் கூடினர். தூர்ந்த வாய்க்கால்களைத் தாமே வெட்டினர். முறைவைத்து நீர் பாய்ச்சினர். மிச்சப்படுத்திய நீரைக் கீழே விட்டனர். தலைமடையில் இருந்தோர் பெரும்பாலும் சிங்களவர். கடைமடையில் தமிழ் உழவரும் இருந்தனர். முகமறியாதவர் வயலுக்காகவும் மடை திறந்தமையே அப்போகத்தின் பெருமை.

1856இல் சட்டம் நாடியதும், 1981இல் உழவர் காட்டியதும் ஒன்றே. நீர் உரிமை என்பது தனக்குரியதைப் பெறுதல் மட்டுமன்று. கடைசி வயலுக்குரியதை விட்டுக்கொடுத்தலுமாகும். இவ்வுணர்வு இல்லாத இடத்தில், எத்துணைப் பெரிய அணையும் பாதி வேலையே.