சமையலறைச் சுவர்: பூச்சும் நிறமும்

சமையலறைச் சுவருக்கான டைல்ஸ், பெயிண்ட், நிறம் ஆகியவை எண்ணெய்ப் பிசுக்கு, நீராவி, மஞ்சள் கறை மூன்றையும் தாங்குமா, துடைத்தால் போகுமா என்பதைப் பொறுத்துத் தேர்ந்தெடுக்கப்படுகின்றன. ஒரே அறையிலும் அடுப்பை ஒட்டிய சுவரின் தேவை வேறு, எதிர்ச்சுவரின் தேவை வேறு.

வரலாறு

விறகடுப்புக் காலத்தில் தமிழக வீடுகளில் கரி படிந்த சுவருக்குப் பொங்கலுக்கு முன் சுண்ணாம்பு அடிப்பது வழக்கம். சுண்ணாம்பின் காரத்தன்மை பூஞ்சணத்தைத் தடுக்கும். பழுப்புத் தெரியாமலிருக்கச் சிறிது நீலம் கலப்பார்கள். எரிவாயு அடுப்பு வந்தபின் கரி போனது, பிசுக்கு போகவில்லை. வெளிநாட்டிலும் நிறம் இப்படிப் பயன் கருதித் தேர்ந்தெடுக்கப்பட்டது: ஆஸ்திரியக் கட்டடக்கலைஞர் மார்கரேட்டே ஷூட்டே-லிஹோட்ஸ்கி 1926இல் வடிவமைத்த ‘ஃபிராங்க்ஃபர்ட் சமையலறை’யின் அலமாரிகளுக்கு, ஈ அண்டாது என்ற நம்பிக்கையில் நீலம் பூசப்பட்டது.

அடுப்பை ஒட்டிய சுவர்

தாளிக்கும்போது கடுகோடு எண்ணெயும் சுவரில் தெறிக்கும். எனவே மேடைக்கு மேல் 2 அடி உயரத்துக்காவது டைல்ஸ் ஒட்டுவார்கள். பரண் வரை ஒட்டுவதும் உண்டு. பளபளப்பான டைல்ஸ் கறையை உள்ளே விடாது. கறை ஏறுவது இணைப்புகளில்தான். அவற்றை நிரப்பும் சிமெண்ட் கிரவுட் எண்ணெயை உறிஞ்சிப் பழுப்பேறும். எபாக்சி கிரவுட் உறிஞ்சாது, விலை கூடுதல். பெரிய டைல்ஸில் இணைப்புகள் குறைவு. புடைப்பு வேலைப்பாடு உள்ளவற்றின் பள்ளங்களில் பிசுக்கு தங்கும்.

மற்ற சுவர்கள்

டிஸ்டெம்பரை ஈரத்துணியால் துடைத்தால் நிறம் துணியோடு வரும். மிதமான பளபளப்புள்ள எமல்ஷன் துடைப்பதற்குத் தாங்கும். எனாமலைக் கழுவலாம், ஆனால் வெள்ளை எனாமல் நாளடைவில் மஞ்சளிக்கும். நீராவியில் பசை விட்டுவிடுவதால் சாதாரண வால்பேப்பர் அடுப்பருகே நிற்காது. சிங்க் பக்கம் கசிவு இருந்தால், அதை அடைக்காமல் பூசும் எந்தப் பெயிண்ட்டும் உப்பி உரியும். இந்தியாவில் வீட்டுப் பெயிண்ட்டில் ஈயம் 90 பிபிஎம்மைத் தாண்டக்கூடாது என்ற விதி 2017 நவம்பர் முதல் நடைமுறையில் உள்ளது.

நிறம்

வெளிர் நிறங்கள் வெளிச்சத்தைப் பரப்பிச் சிறிய அறையைப் பெரிதாகக் காட்டும். மஞ்சள் கை படும் சுவிட்ச் பலகையைச் சுற்றி வெள்ளையைவிட இளமஞ்சள், சந்தன நிறங்கள் தோதானவை. மஞ்சள் கறை வெயிலில் வெளுப்பதால் ஜன்னலோரச் சுவரில் அந்தக் கவலை குறைவு. கருநிறம் அழுக்கை முழுதாக மறைக்காது. உப்புத் தண்ணீர்ப் பகுதிகளில் சிங்க் அருகே காயும் ஒவ்வொரு துளியும் அதில் வெள்ளைப் புள்ளியாகத் தெரியும். பகலில் பார்த்த நிறம் இரவில் மஞ்சள் விளக்கின் கீழ் மாறும் என்பதால், சுவரில் ஒரு சிறு பகுதியில் மட்டும் பூசி இருவேளையும் பார்த்தபின் நிறத்தை முடிவு செய்வது நல்லது.