வெள்ளை நாயும் வெற்றிக் கோப்பையும்

திருவண்ணாமலை மாவட்டத்தில் எடுத்தனூர் என்ற ஊரில் ஒரு நடுகல் இருக்கிறது. முதலாம் மகேந்திரவர்ம பல்லவன் காலத்துக் கல். எருமைகளுக்காக நடந்த பூசலில் இறந்துபோன கருந்தேவக்கத்தி என்ற வீரனுக்காக அதை நட்டிருக்கிறார்கள். வீரனுக்குப் பக்கத்திலேயே ஒரு நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. கோவிவன் என்பது அதன் பெயராம். கள்ளனைக் கடித்து, எசமானன் அருகிலேயே காத்து நின்றதாக அந்தக் கல்லெழுத்து சொல்கிறது.

கோவிவன் என்ன நிறம், வால் எப்படி வளைந்திருந்தது, மூக்கு என்ன வண்ணம் என்று கல்லில் ஒரு வார்த்தை கிடையாது. அது செய்த வேலைதான் எழுதப்பட்டிருக்கிறது. இன்றைய டாக் ஷோவுக்கு அந்த நாயைக் கொண்டுபோனால் ஜட்ஜ் முதலில் பார்ப்பது கல் சொல்லாமல் விட்ட விஷயங்களைத்தான்! இந்த மாற்றம் எப்போது வந்தது?

1859-ஆம் ஆண்டு ஜூன் மாதம் இங்கிலாந்தின் நியூகாசில் நகரில் வந்தது. முறையாக நடந்த முதல் நாய்க் கண்காட்சி அதுதான் என்பார்கள். பாயின்டர், செட்டர் என்று இரண்டே வகை நாய்கள். இரண்டும் வேட்டை நாய்கள் என்பதால் பரிசும் துப்பாக்கிதான். நான்கே வருடத்தில், 1863-ல், பாரிஸிலும் ஒரு பெரிய கண்காட்சி நடந்தது. 1873-ல் லண்டனில் கென்னல் கிளப் பிறந்தது. அடுத்த ஆண்டே நாய்களின் வம்சாவளிப் புத்தகத்தை அச்சிட்டுவிட்டார்கள். பிரெஞ்சுக்காரர்கள் 1885-ல் தங்களுக்கென்று ஒரு பதிவேடு திறந்தார்கள். புதுச்சேரிக்காரர்களுக்குப் பதிவேடு என்றாலே பிரெஞ்சுக்காரர்கள் ஞாபகம்தான் வரும். மனிதர்களுக்குப் பிறப்புப் பதிவை அத்தனை கறாராக வைத்தவர்கள் நாயை மட்டும் விட்டுவிடுவார்களா என்ன!

பலரும் நினைப்பதுபோல் கண்காட்சியில் ஒரு நாயை இன்னொரு நாயோடு ஒப்பிட்டு மார்க் போடுவதில்லை. ஒவ்வோர் இனத்துக்கும் உயரம், தலை, பல் வரிசை, நடை, நிறம் இப்படித்தான் இருக்க வேண்டும் என்று எழுதி வைத்த இலக்கணம் ஒன்று உண்டு. அந்த இலக்கணத்துக்கு எந்த நாய் மிக அருகில் நிற்கிறதோ அதற்குத்தான் கோப்பை. முதலில் இலக்கணம் நாயைப் பார்த்து எழுதப்பட்டது. பிறகு இலக்கணத்தைப் பார்த்து நாயை உண்டாக்க ஆரம்பித்தார்கள். வினை அங்கேதான் தொடங்கியது.

மூக்கு சப்பை என்று எழுதியிருந்தால் அதைவிடச் சப்பையாகக் குட்டி எடுக்கப் பார்த்தார்கள். தலை பெரிது என்றால் இன்னும் பெரிய தலை. விளைவு, புல்டாக் இனத்தில் தாய் இயல்பாகக் குட்டி போடுவதே அபூர்வமாகிவிட்டது. பிரிட்டனில் 2010-ல் வெளிவந்த ஓர் ஆய்வின்படி, புல்டாக் பிரசவங்களில் நூற்றுக்கு 80-க்கும் மேல் அறுவைச் சிகிச்சையில்தான் நடந்திருந்தன. இதற்கு முன்பே 2008-ல் பி.பி.சி. தொலைக்காட்சி கண்காட்சி நாய்களின் பரம்பரை நோய்களைப் பற்றி ஓர் ஆவணப்படம் காட்டி, பெரிய கலவரமே ஆகிவிட்டது. உலகப் புகழ்பெற்ற கிரஃப்ட்ஸ் கண்காட்சியை 2009-ல் பி.பி.சி. ஒளிபரப்பவில்லை. 2012-ல் அதே கிரஃப்ட்ஸில், ஆபத்தான நிலையில் இருந்த 15 இனங்களில் முதல் பரிசு பெற்ற நாய்களைக் கால்நடை மருத்துவர் சோதித்த பிறகே அடுத்த சுற்றுக்கு அனுப்புவது என்று விதி வந்தது. ஆறு நாய்கள் தேறவில்லை. ஜட்ஜ் "இதுதான் சிறந்தது" என்று கைகாட்டிய நாயை மருத்துவர் "இது நோயாளி" என்று வெளியே அனுப்பினார். நாய்க் கண்காட்சியின் வரலாற்றில் நியூகாசிலுக்கு அடுத்த முக்கியமான நாள் அதுதான்.

நம் ஊர்ப் பக்கம் நடந்தது வேறு கதை. ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை என்று தென்தமிழ்நாட்டில் பெயர் சொல்லும் நாய்கள் நான்கு. கோம்பை தேனிப் பக்கத்து ஊர்ப் பெயர். சிப்பிப்பாறையும் ராஜபாளையமும் விருதுநகர் பக்கத்து ஊர்ப் பெயர்கள். ஜமீன்தார்களும் வசதியுள்ள விவசாயிகளும் முயல் வேட்டைக்கும் தோட்டக் காவலுக்கும் இவற்றை வளர்த்தார்கள். இலக்கணப் புத்தகம் ஏதும் கிடையாது. ஓடத் தெரிந்த நாய்க்கு ஓடத் தெரிந்த பெட்டையைச் சேர்த்தார்கள், அவ்வளவுதான். முயலைப் பிடிக்காத நாய் அடுத்த தலைமுறைக்குப் போகவில்லை. கொஞ்சம் கொடூரமான ஏற்பாடுதான். ஆனால் மூச்சு வாங்கும் நாய் ஒன்றுகூட அதில் தேறியிருக்காது.

அந்த ஏற்பாடு இரண்டு அடிகளில் உடைந்தது. சுதந்திரத்துக்குப் பின் சென்னை மாகாணத்தில் ஜமீன் ஒழிப்புச் சட்டம் வந்து ஆதரித்த கைகள் போயின. 1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்து வேட்டையும் போயிற்று. சட்டம் சரியானதுதான், அதில் சந்தேகமில்லை. ஆனால் வேலை போன நாயை யார் வளர்ப்பார்கள்? பட்டணத்து மோகம் அல்சேஷன், டாபர்மேன், பொமரேனியன் பக்கம் போய்விட்டது. தமிழ்நாடு அரசு சென்னை சைதாப்பேட்டையில் நாய் இனப்பெருக்கப் பிரிவு ஒன்றை நடத்தி, நாட்டு இனங்களின் குட்டிகளை விற்றுவந்தது. அங்கே நாய்கள் வைக்கப்பட்டிருந்த நிலை பற்றி விலங்கு நல ஆர்வலர்கள் வழக்குப் போட, 2016-ல் சென்னை உயர்நீதிமன்றம் அதை மூடச் சொன்னது. இனத்தைக் காப்பாற்றத் திறந்த இடத்தில் நாயைக் காப்பாற்ற முடியாமல் போனது பெரிய சோகம்.

நாட்டு நாய்களுக்கு மறுவாழ்வு கொடுத்ததில் கண்காட்சிக்கும் பங்கு உண்டு. இதை மறைக்கக் கூடாது. இந்திய கென்னல் கிளப்பின் தலைமையகம் சென்னையில்தான் இருக்கிறது. அதன் பதிவேட்டில் ராஜபாளையத்துக்கு இடம் உண்டு. 2005 ஜனவரியில் இந்திய அஞ்சல் துறை நான்கு நாட்டு நாய்களுக்குத் தபால்தலை வெளியிட்டபோது அதில் ஒன்று ராஜபாளையம். 2020 ஆகஸ்டில் பிரதமரின் வானொலி உரையிலும் இந்தப் பெயர்கள் வந்தன. அதற்குப் பிறகு குட்டி விலை ஏறியது என்று சொல்ல வேண்டியதே இல்லை.

ஆனால் ராஜபாளையத்துக்குள் ஒரு பழைய சிக்கல் ஒளிந்திருக்கிறது. இந்த இனத்தின் அடையாளமே பால் போன்ற வெள்ளையும் இளஞ்சிவப்பு மூக்கும்தான். கண்காட்சி கேட்பதும் அதையே. தோலுக்கு நிறம் கொடுக்கும் செல்கள் உள்காதிலும் இருக்கின்றன. அங்கே அவை இல்லாவிட்டால், குட்டி பிறந்த சில வாரங்களிலேயே ஒலியை வாங்கும் நுண்ணிய மயிர்ச் செல்கள் செத்துவிடும். டால்மேஷன் நாய்களில் செவிட்டுத்தன்மை அதிகம் இருப்பதற்குக் காரணமும் இதுவே. ராஜபாளையம் குட்டிகளிலும் காது கேளாதவை பிறக்கின்றன. எந்த வெள்ளைக்குக் கோப்பை கிடைக்கிறதோ, அதே வெள்ளை காதைப் பறித்துவிடுகிறது! காவலுக்குப் பெயர் போன இனத்தில் காது கேளாத நாய் என்றால் என்ன சொல்வது?

குட்டிக்குப் பின்னால் எவர்சில்வர் தட்டைப் போட்டுப் பார்ப்பது பலரும் செய்யும் சோதனை. அது போதாது. ஒரு காது மட்டும் கேட்கும் குட்டி சத்தத்துக்குத் திரும்பிவிடும், வளர்ந்து கண்காட்சியில் பரிசும் வாங்கிவிடும். ஆனால் அதன் குட்டிகளில் செவிடு பிறக்கும் வாய்ப்பு கூடும். மூளைத்தண்டு வரை ஒலி போய்ச் சேருகிறதா என்று மின்முனைகளை வைத்து ஒவ்வொரு காதையும் தனித்தனியே அளக்கும் சோதனைதான் நம்பகமானது. அதைச் செய்து, தேறாத சாம்பியனை இனச்சேர்க்கையிலிருந்து விலக்கி வைக்க மனது வேண்டும். ஒரு சாம்பியன் ஆண் நாயைச் சேர்க்கைக்கு விட்டால் வரும் பணத்தை அல்லவா விட வேண்டியிருக்கிறது!

மூலக்குளத்தில் ஒரு கல்லூரி மாணவர் நாய் வளர்ப்பில் இறங்க ஆசைப்படுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவருக்கு 2017-ல் வந்த மத்திய அரசின் நாய் இனப்பெருக்க விதிகள் பொருந்தும். பதிவு செய்ய வேண்டும். பெட்டை நாய்க்கு 18 மாதம் நிறைய வேண்டும், எட்டு வயதுக்கு மேல் கூடாது. வருடத்தில் ஓர் ஈற்றுக்கு மேல் கூடாது, வாழ்நாளில் ஐந்தோடு நிறுத்திவிட வேண்டும். குட்டியை எட்டு வாரத்துக்கு முன் தாயிடமிருந்து பிரித்து விற்கக் கூடாது. தமிழ்நாடு 2024-ல் தனியாக ஒரு கொள்கை கொண்டுவந்து, ஹஸ்கி, செயின்ட் பெர்னார்ட், பக் போன்று இந்த வெயிலுக்கு ஆகாத இனங்களின் இனப்பெருக்கத்துக்குத் தடை போட்டது. புதுச்சேரி யூனியன் பிரதேசம் என்பதால் அது மூலக்குளத்துக்குச் செல்லாது. வெயில் மட்டும் இரண்டு பக்கமும் ஒன்றுதான்.

அந்த மாணவருக்கு ஒரு வசதி உண்டு. குரும்பாபேட்டையில் 1994-ல் தொடங்கிய ராஜீவ்காந்தி கால்நடை மருத்துவக் கல்லூரி பக்கத்திலேயே இருக்கிறது. முதல் குட்டியை வாங்கும் முன் அங்கே போய், குட்டியின் தாய் தகப்பனுக்கு இரண்டு காதும் கேட்கிறதா என்பதை எப்படி உறுதி செய்வது என்று கேட்டுவிட்டு வரலாம். விற்பவர் கோப்பைகளின் போட்டோவைத்தான் முதலில் காட்டுவார்.