தீவகத்துக் கார்களும் குடும்ப நினைவுகளும்: ஒரு சமூக வரலாற்று நோக்கு

யாழ்ப்பாணத்துச் சமூக வரலாற்றை எழுதியோர் கோயில், பாடசாலை, நிலம், சாதி, குடிப்பெயர்ச்சி என்பவற்றுக்கு அளித்த கவனத்தை மக்கள் அன்றாடம் கையாண்ட பொருள்களுக்கு அளித்தாரில்லை. அவ்வாறு விடுபட்டவற்றுள் மோட்டார் கார் ஒன்று. காரைப் பற்றிய பேச்சு வசதி படைத்தோரின் பெருமைப் பேச்சாகவோ முதியோரின் பழங்கதையாகவோ தள்ளப்பட்டு வந்துள்ளது. ஆயின், தீவகத்தைப் பொறுத்தவரையில் அது விரைவுக்கான கருவி என்பதிலும் பார்க்க உறவுக்கான கருவியாகவே நெடுங்காலம் விளங்கியது. இந்நிலைக்கான காரணங்கள் தனிமனித உணர்ச்சியில் மட்டும் அடங்குவன அல்ல. அவை அப்பிரதேசத்தின் புவியியலிலும் இந்நாட்டின் அரசியற் பொருளாதாரத்திலும் வேரூன்றியவை. ஆதலால், ஒரு காரைச் சுற்றி ஒரு குடும்பம் காத்துவரும் நினைவு வரலாற்று மாணவனுக்கு ஒரு சான்றாகவும் அமைகின்றது.

முதலிற் புவியியலை நோக்குவோம். யாழ்ப்பாண நகரிலிருந்து பண்ணைக் கடலூடாகச் செல்லும் தாம்போதி மண்டைதீவையும் வேலணையையும் குடாநாட்டுடன் இணைக்கின்றது. வேலணையையும் புங்குடுதீவையும் வாணர் பாலம் இணைக்கின்றது. காரைநகருக்குப் பொன்னாலைத் தாம்போதி வழியமைத்தது. ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் இடையிலுள்ள ஒடுங்கிய கடலைக் கடக்க மிதவைச் சேவை பயன்பட்டது. அம்மிதவையையும் மக்கள் ‘பாதை’ என்றே அழைப்பர். தரையிற் செல்லும் வழிக்கும் நீரிற் செல்லும் மிதவைக்கும் ஒரே சொல் வழங்குவது இப்பிரதேச வாழ்க்கையின் இயல்பை நன்கு புலப்படுத்துகின்றது.

புங்குடுதீவின் மேற்கிலுள்ள குறிகட்டுவான் இறங்குதுறையில் இத்தெரு முடிவடைகின்றது. நயினாதீவு நாகபூசணி அம்மனைத் தரிசிக்கச் செல்வோர் எத்தகைய காரில் வந்தாலும் அங்கே இறங்கிப் படகேற வேண்டியவரே. நெடுந்தீவுக்குச் செல்வோர்க்கும் அதுவே வழி. தெருவுக்கு ஓர் எல்லை இருந்தமையால் தீவகத்தில் கார்ப் பயணம் எங்கும் செல்லும் பயணமாக இருக்கவில்லை. துறைமுகம், வைத்தியசாலை, கச்சேரி, கோயில், உறவினர் வீடு எனக் குறித்த ஓரிடத்துக்குக் குறித்த ஒரு தேவைக்காகவே அது மேற்கொள்ளப்பட்டது. பயணத்தின் காரணம் நினைவில் நின்றமையால் காரும் அதனுடன் சேர்ந்து நினைவில் நின்றது.

இனி, இக்கார்கள் யாருடையவை என்னும் வினா எழுகின்றது. மழை குன்றிய, பல இடங்களில் உவர்நீருடைய தீவக மண் எல்லோரையும் தாங்கவில்லை. புங்குடுதீவு, காரைநகர், வேலணை முதலிய ஊர்களிலிருந்து பலர் கொழும்புக்கும் தென்னிலங்கை நகரங்களுக்கும் சென்று கடை வைத்தனர். குடும்பம் ஊரிலும் தொழில் தெற்கிலுமாகப் பிரிந்து வாழ்ந்த இவ்வர்த்தகர்கள் வீடு கட்டினர்; கோயிற் திருப்பணி செய்தனர்; இயன்றவர் காரும் வாங்கினர். இரண்டாம் உலக யுத்தத்துக்குப் பின் இங்கிலாந்திலிருந்து பெருமளவில் ஏற்றுமதியான சிறு கார்கள் அவர்களுக்கு ஏற்றனவாயின. 1947இல் வெளிவந்த ஒஸ்ரின் ஏ 40, 1948இல் வெளிவந்த மொறிஸ் மைனர், 1954இல் தொடங்கிய ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ் ஆகியவை யாழ்ப்பாணத் தெருக்களின் அடையாளமாகவே பின்னாளில் மாறின. ஆண்டில் சில வாரங்கள் மட்டும் ஊருக்கு வரும் தந்தைக்கு, தாம் இல்லாத காலத்தும் வீட்டில் நிற்கும் கார் ஒருவகைப் பிரதிநிதியாயிற்று. அவர் வந்துவிட்டார் என்பதைப் பிள்ளைகளுக்கு அறிவித்ததும் அக்காரின் ஓசையே.

எனினும், சொந்தக் கார் வைத்திருந்தோர் சிறுபான்மையினரே என்பதை மறத்தல் ஆகாது. கடற்றொழிலாளர், கமக்காரர், கூலித் தொழிலாளர் ஆகிய பெரும்பான்மையோர்க்குத் துவிச்சக்கர வண்டியும் மாட்டு வண்டியும் பஸ்ஸுமே வாகனங்கள். 1958 சனவரி 1ஆம் திகதி பஸ் சேவைகள் தேசியமயமாக்கப்பட்டு இலங்கைப் போக்குவரத்துச் சபை தோன்றியது. அத்தகைய குடும்பங்களின் நினைவில் கார் இடம்பெறுவது வாடகைக் காராகவே. மணமக்களை ஏற்றிவந்த கார், பிரசவ வேதனையுற்ற பெண்ணை நள்ளிரவிற் பண்ணைத் தாம்போதியூடாகப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுசென்ற கார், உயிர் நீத்தவரின் உடலுடன் திரும்பிய கார் என வாழ்வின் திருப்பங்களுடன் அது பிணைந்தது. சாரதியை ‘அண்ணை’ என்றழைத்தது வெறும் மரியாதைக்காக மட்டுமன்று; ஊரின் பிறப்பும் இறப்பும் அவர் அறியாமல் நிகழவில்லை என்பதாலுமாகும். ஒரு கார் ஒருவரின் உடைமையாக இருந்துகொண்டே பல குடும்பங்களின் நினைவாக விளங்கியமை இவ்வாறேயாம்.

இப்பிணைப்பை நீடிக்கச் செய்தது அரசின் பொருளாதாரக் கொள்கை. 1960களின் தொடக்கத்தில் ஏற்பட்ட அந்நியச் செலாவணி நெருக்கடியினால் மோட்டார் கார் இறக்குமதி கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டது. 1977இற்குப் பின் சந்தை திறந்துவிடப்பட்டு யப்பானிய வாகனங்கள் பெருகும் வரையில் இருந்த கார்களையே பேணவேண்டியதாயிற்று. உதிரிப்பாகம் கிடையாதபோது கறாஜ்காரர் அதனைத் தாமே கடைந்து செய்தார். புதிது வாங்கிப் பழையதை விற்கும் வழக்கம் வேரூன்ற இடமில்லாமற் போகவே, தந்தையின் கார் மகனுக்குச் சென்றது. காணியும் நகையும் போலக் காரும் முதுசொமாயிற்று. இதனையொத்த நிலையைக் கியூபாவிலும் காணலாம். 1960களில் அமெரிக்கா விதித்த வர்த்தகத் தடையால் ஹவானா நகரில் 1950களின் அமெரிக்கக் கார்கள் தலைமுறை தாண்டி ஓடின. அன்பினால் மட்டுமன்றி, வேறு வழியின்மையாலும் பொருள்கள் குடும்பத்தினுள் நிலைபெறுகின்றன என்பதற்கு இரண்டும் சான்றாகும்.

காரின் இலக்கத் தகடும் ஒரு வரலாற்று ஆவணமே. ஈ.என்., ஈ.வை. போன்ற ஆங்கில எழுத்துகளைத் தாங்கிய தகடுகள் 1957இற்கு முந்தியவை. 1957 சனவரி முதல் புதிய வாகனங்களுக்குச் சிங்கள ‘ஸ்ரீ’ எழுத்துக் கட்டாயமாக்கப்பட்டது. 1958இல் அவ்வெழுத்துடன் பஸ்கள் வடக்குக்கு அனுப்பப்பட்டபோது தமிழரசுக் கட்சியினர் அதனை அழித்துத் தமிழ் ‘ஸ்ரீ’யைப் பொறிக்கும் போராட்டத்தை நடத்தினர். பண்டாரநாயக்க–செல்வநாயகம் ஒப்பந்தம் அவ்வாண்டு ஏப்ரலில் கைவிடப்பட்டது. மேயில் இனக்கலவரம் மூண்டது. ஒரு குடும்பத்தின் பழைய நிழற்படத்திற் காரருகே நிற்கும் பிள்ளைகளுக்குப் பின்னால் தெரியும் அவ்விரு எழுத்துகள், அப்படத்தின் காலத்தை மாத்திரமன்றி, அக்குடும்பம் எந்த அரசியற் பிரிகோட்டின் எப்பக்கத்தில் நின்றது என்பதையும் காட்டவல்லன. 1958இலும் 1977இலும் 1983இலும் தெற்கில் தமிழர் கடைகள் எரிந்தன. அக்கடைகளின் உழைப்பால் வாங்கிய கார் ஊரில் எஞ்சி நின்ற குடும்பங்களுக்கு, அது இழந்த தொழிலின் கடைசி அடையாளமாயிற்று.

1990 யூனில் யுத்தம் மீண்டும் தொடங்கியது. அதனைத் தொடர்ந்து தீவகம் படையினரின் கட்டுப்பாட்டுக்குள் வர, மக்களுட் பெரும்பாலோர் குடாநாட்டுக்கும் அப்பாலும் இடம்பெயர்ந்தனர். கொண்டுவரப்பட்ட கார்களும் உண்டு. வீட்டுடன் விடப்பட்டவையும் உண்டு. குடாநாட்டிலோ பெற்றோல் தடைசெய்யப்பட்டிருந்தது. அங்கே பழைய ஒஸ்ரின் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. மண்ணெண்ணெய் குளிர்ந்த இயந்திரத்தில் எளிதில் ஆவியாவதில்லை. எனவே, சிறிதளவு பெற்றோலால் இயந்திரத்தைத் தொடக்கிச் சூடேற்றிய பின்னரே மண்ணெண்ணெய்க்கு மாற்ற வேண்டும். அமுக்க விகிதம் குறைந்த பழைய இயந்திரங்களே இதனைத் தாங்கும். 1940களின் இறுதியில் இங்கிலாந்தில் பெர்குசன் உழவு இயந்திரங்களுட் சில இதே முறையில் இயங்குமாறு தொழிற்சாலையிலேயே அமைக்கப்பட்டன. அங்கு தொழிற்சாலை செய்ததை இங்கு முற்றுகைக்குட்பட்ட ஊர்க் கறாஜ்கள் செய்தன. நாகரிகம் கழிந்துவிட்டதெனக் கருதப்பட்ட கார், அதன் பழமை காரணமாகவே நோயாளரையும் முதியோரையும் சுமந்தது. அக்காலத்திற் பிள்ளைகளாக இருந்தோர்க்குக் கார் என்றதும் நினைவெழுவது கரும்புகையும் மண்ணெண்ணெய் மணமுமே.

தெருவின் எல்லைக்கு அப்பாலுள்ள நெடுந்தீவில் இந்நினைவு வேறு வடிவம் கொள்கின்றது. ஒல்லாந்தர் சூட்டிய டெல்ஃப்ட் என்ற பெயரை இன்றும் தாங்கும் அத்தீவிற் காட்டுக் குதிரைகள் பல, கார்களோ அரிது. லேண்ட்மாஸ்டர் எனப்படும் இருசில்லு உழவு இயந்திரத்தில் இணைத்த பெட்டியே அங்கு குடும்பங்களைச் சுமந்தது. ஆயினும், குடும்ப நினைவின் மையத்தில் நிற்பது படகுதான். 1985 மே 15ஆம் திகதி நெடுந்தீவிலிருந்து புறப்பட்ட குமுதினிப் படகு கடலில் மறிக்கப்பட்டு, பெண்களும் குழந்தைகளும் உட்பட முப்பதுக்கும் மேற்பட்டோர் வெட்டிக் கொல்லப்பட்டனர். அதே படகு பின்னரும் பல்லாண்டுகள் சேவையில் இருந்தது. உறவினர் மாண்ட அதே பலகையிலிருந்து மக்கள் தொடர்ந்து பயணம் செய்தனர். வாகனம் இன்ப நினைவை மட்டும் தாங்குவதன்று என்பதற்கு இதனிலும் வலிய சான்று வேண்டியதில்லை.

2002 ஏப்ரலில் ஏ 9 வீதி திறக்கப்பட்டபோதும், 2009 மேயில் யுத்தம் முடிவடைந்த பின்னரும், பழைய கார்களைத் தேடித் தென்னிலங்கையிலிருந்து வாங்குவோர் வந்தனர். வறுமையுற்ற குடும்பங்கள் விற்றன. பிள்ளைகள் கனடா, சுவிற்சர்லாந்து, பிரான்சு, இங்கிலாந்து எனப் பரந்துவிட்ட நிலையிற் காரைப் பேண ஆளில்லாதவரும் விற்றனர். இதிற் குறைகூற எதுவுமில்லை; ஓடாத காரிலும் பார்க்க வீட்டுக்கூரை முக்கியமானது. வாங்கியவர்களும் கார்களை அக்கறையுடன் புதுக்கினர். ஆனால், புதுக்கப்பட்ட காரில் எஞ்சுவது ஒஸ்ரின் கம்பனியின் வரலாறே. அது எந்த மணமக்களை ஏற்றியது, எந்த இரவில் தாம்போதியைக் கடந்தது, எக்காரணத்தால் மண்ணெண்ணெய் குடித்தது என்பவை விற்பனைப் பத்திரத்தில் எழுதப்படுவதில்லை.

தீவகத்தின் பெரும்பகுதி யுத்தத்தினாற் குடிபெயர்ந்தபோது வீட்டு உறுதிகளும் நிழற்படங்களும் கடைக் கணக்கேடுகளும் அழிந்தன. எழுத்துச் சான்று இவ்வாறு அருகிய ஒரு சமூகத்தில் வாய்மொழி நினைவின் பெறுமதி உயர்கின்றது. வாடகைக் கார் ஓட்டியோரும் கறாஜ் நடத்தியோரும் இன்று முதுமை எய்திவிட்டனர். நிலவுடைமை பற்றியும் சாதியமைப்பு பற்றியும் வினாக்கொத்துடன் கிராமங்களுக்குச் செல்லும் பல்கலைக்கழக மாணவர்கள், ‘உங்கள் வீட்டுக்கு முதன்முதல் வந்த கார் எது? அது எதற்காக வந்தது?’ என்ற வினாவையும் அதனுடன் சேர்த்துக்கொள்ளுதல் தகும். கிடைக்கும் விடைகள் காரைப் பற்றி மட்டும் அமையமாட்டா. யார் பிறந்தார், யார் பிரிந்தார், எக்கடை எரிந்தது, யார் திரும்பி வரவில்லை என்பவற்றையும் அவை சொல்லும். கேட்போர் வருமுன் சொல்வோர் மறைந்துவிடின், தீவகத்தின் வரலாற்றில் இப்பக்கம் எழுதப்படாமலே போய்விடும்.