ஒரே மருந்து, ட்ரிப்ஸிலும் களிம்பிலும்

எஃப்லார்னித்தின் என்ற மருந்து வேலை செய்யும் இரண்டு இடங்களைப் பார்ப்போம். காங்கோவின் கிராமத்து மருத்துவமனையில் அது ட்ரிப்ஸ் வழியே நரம்பில் ஏறுகிறது. அமெரிக்காவில் அதே மருந்து, பெண்கள் மேலுதட்டிலும் தாடையிலும் காலை மாலை தடவும் களிம்பாக வந்தது.

மருந்து தாக்கும் இலக்கு இரண்டிலும் ஒன்றுதான். செல்கள் பெருகுவதற்குத் தேவையான ஒரு நொதியை அது முடக்குகிறது. மயிர்க்காலில் முடக்கினால் முடி மெதுவாக வளரும். செட்சி ஈ கடித்து உடம்பில் புகும் காம்பியா வகைத் தூக்கநோய்க் கிருமியில் முடக்கினால் கிருமி பெருக முடியாமல் நின்றுவிடும். மிச்சத்தை உடம்பின் எதிர்ப்புச் சக்தி பார்த்துக்கொள்ளும்.

இதற்கு முன்பு மூளைவரை போன தூக்கநோய்க்கு இருந்தது மெலார்சப்ரால், ஆர்சனிக் கலந்த மருந்து. அதை ஏற்றிக்கொண்டவர்களில் ஏறக்குறைய 20 பேருக்கு ஒருவர் மருந்தினாலேயே இறந்தார். புற்றுநோய்க்காக உருவாக்கப்பட்ட எஃப்லார்னித்தின், நினைவிழந்து கிடந்தவர்களை எழுந்து உட்கார வைத்தது. உயிர்த்தெழுப்பும் மருந்து என்றே அதைச் சொன்னார்கள். 1990இல் அமெரிக்கா அதை அங்கீகரித்தது. ஆனால் வாங்க வேண்டியவர்களிடம் பணம் இல்லை. லாபமில்லை என்று 1990களின் நடுவில் தயாரிப்பை நிறுத்திவிட்டார்கள்.

2000இல் அதே மருந்தின் 13.9 சதவீத முகக் களிம்புக்கு அங்கீகாரம் கிடைத்தது. அதை ஆடம்பரம் என்று தள்ள எனக்கு மனம் வரவில்லை. சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினையால் முகத்தில் முடி வளரும் பெண், வெளியே கிளம்பும்முன் கண்ணாடி பார்த்துத் தயங்குவதும் வேதனைதான். வித்தியாசம் வேறிடத்தில் இருக்கிறது. களிம்பை நிறுத்தினால் சுமார் எட்டு வாரத்தில் முடி பழையபடி வந்துவிடும். ஆகவே திரும்பத் திரும்ப வாங்க வேண்டும். தூக்கநோயாளியோ ஒரு முறை குணமானால் மருந்தை மறந்துவிடலாம். முழுதாகக் குணப்படுத்தியதே வியாபாரத்துக்கு ஆகாமல் போயிற்று. இதை ஏற்க என்னால் முடியவில்லை.

முகக் களிம்புக்காக மருந்து மறுபடி தயாராவது தெரிந்ததும், எல்லையற்ற மருத்துவர்கள் அமைப்பும் மற்றவர்களும் குரல் உயர்த்தினார்கள். 2001இல் உலக சுகாதார நிறுவனத்துடன் உடன்பாடு செய்து, மருந்து நிறுவனமான அவென்டிஸ் தூக்கநோய்க்கு அதை இலவசமாகத் தர முன்வந்தது.

மருந்து கிடைத்தாலும் கொடுப்பது லேசில்லை. ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறை, 14 நாள், மொத்தம் 56 ட்ரிப்ஸ். நள்ளிரவிலும் நர்ஸ் விழித்திருக்க வேண்டும். 2009 வாக்கில் நிஃபர்டிமாக்ஸ் மாத்திரையைச் சேர்த்து அதை 14 ட்ரிப்ஸாகக் குறைத்தார்கள். இப்போது பலருக்கு ஃபெக்ஸினிடசோல் மாத்திரை மட்டுமே போதும். நோய் மூளையை மோசமாகத் தாக்கியவர்களுக்கு இன்றும் எஃப்லார்னித்தின்தான் நரம்பில் ஏறுகிறது.